சம்பளமே வாங்காத தலைவர்

மாங்கரைச் சீமையைக் கார்மேக பூபதி ஆண்ட காலத்தில், சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லோரும் பத்தில் ஒரு பங்கை அரண்மனைக்கு வரியாகக் கட்ட வேண்டும். யானைப்பாகன் கட்டினான். சமையற்காரன் கட்டினான். அரசவை விகடகவி வெண்காடரும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார். மிளகு வியாபாரி மருதப்பர் மட்டும் கட்டவில்லை.

அந்த மகானுபாவர் செய்தது இதுதான். பலர் பங்கு சேர்ந்து வியாபாரம் நடத்தும் கும்பினி என்ற நாகரிகம் அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. தன் கடையைக் கும்பினி ஆக்கினார். தலைவர் அவரே. மனைவி ஒரு பங்குதாரர், மைத்துனன் இன்னொரு பங்குதாரர். "சம்பாதிக்கிறது கும்பினி. நான் சம்பளமே வாங்காத தலைவன். வாங்காத சம்பளத்துக்கு ஏதய்யா வரி?" என்று கேட்டு, வரி வசூலிக்க வந்த தண்டல் மந்திரியை வாசலோடு அனுப்பிவிட்டார். கும்பினிக்கு வரி போட அரண்மனைச் சட்டத்திலும் இடமில்லை.

தண்டல் மந்திரி அரசவையில் இதைச் சொல்லிப் புலம்பியபோது வெண்காடர் வாய்விட்டுச் சிரித்துத் தொலைத்தார்.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிக்கிறீரா? நீரே போய் வசூலித்து வாரும். இந்த மாதத்துக்குள் வரி வரவில்லை என்றால், உமது ஒரு வருஷச் சம்பளம் கஜானாவுக்கு!"

வெண்காடர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ராஜாவையாவது எப்படியும் சமாளித்துவிடலாம். வருஷம் முழுக்க வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது?

மறுநாள் காலையிலேயே மருதப்பர் வீட்டுக்குப் போனார். வாசலில் பெரிய பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மருதப்பர் பல்லக்கிலிருந்து இறங்கினார்.

"பல்லக்கு புதுசா இருக்கே?"

"கும்பினியோடது."

"காதுல வைரக் கடுக்கன்?"

"அதுவும் கும்பினியோடதுதான். தொலைஞ்சிடக் கூடாதேன்னு நான் மாட்டிக்கிட்டுக் காவல் காக்கிறேன்."

"வீடு?"

"கும்பினி வீடு. ஏதோ ஓரமா படுத்துக்கிறேன்." சொல்லிவிட்டு நெய் மணக்க ஓர் ஏப்பம் விட்டார். அதுவும் கும்பினிக் கணக்குதான் போலிருக்கிறது.

வெண்காடர் சோர்ந்து திரும்பியபோது மருதப்பர் பெருமை தாங்காமல் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை பெரிய பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். பனையூர் மிராசுதார் வீட்டுச் சம்பந்தம். அவசியம் வந்துடுங்க!"

வெண்காடரின் முகம் மலர்ந்தது. "வராம இருப்பேனா?"

வெள்ளிக்கிழமை பந்தல் நிரம்பி வழிந்தது. மிராசுதாரும் அவர் மனைவியும் பட்டு சரசரக்க உட்கார்ந்திருந்தார்கள். தட்டு மாற்றப் போகும் நேரம். வாசலில் டமடமவென்று முரசு கேட்டது. அரண்மனை முரசுக்காரன் முன்னால் வர, ஒரு கேழ்வரகு மூட்டையும் முரட்டு வேட்டியும் தூக்கிய ஆட்கள் பின்னால் வர, நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெண்காடர் வந்தார். அரண்மனைக் கணக்கரும் ஓலையோடு கூட இருந்தார்.

"சபையோரே! மருதப்பருடைய நிலைமையைக் கேட்டு ராஜா உருகிப் போயிட்டார். பாவம், சல்லிக்காசு சம்பளம் கிடையாது. இந்த வீடு அவரோடது இல்லை. பல்லக்கு இல்லை. காதுல கிடக்கிற கடுக்கன்கூட அவரோடது இல்லை. அதனால, மாசா மாசம் அவருக்கு ஒரு மூட்டை கேழ்வரகு!"

மிராசுதார் எடுத்த தட்டைக் கீழே வைத்தார். "என்ன சம்பந்தி இது?"

மருதப்பர் பதறி எழுந்தார். "விளையாடுறார்! யாருக்குச் சம்பளம் இல்லை? மாசம் இருநூறு பொன் எடுக்கிறேன்!"

"இருநூறா?" மிராசுதாரின் மனைவி உதட்டைப் பிதுக்கினாள். "எங்க வீட்டுக் கணக்குப்பிள்ளையே அவ்வளவு வாங்குறாரே."

"அது... அது தலைவர் வேலைக்கு மட்டும் அம்மா! எல்லாம் சேர்த்தா முந்நூறு."

அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐந்நூறு!" என்று அலறினார் மருதப்பர். "பல்லக்கு என்னோடது! வீடு என்னோடது! கடுக்கனும் என்னோடதுதான்!"

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. கணக்கருக்குக் காது மந்தம்," என்றார் வெண்காடர்.

மருதப்பர் தெருக்கோடிக்குக் கேட்கும்படி சொன்னார். கணக்கர் ஓலையில் எழுதினார். வெண்காடர் கைகூப்பினார். "ராஜாவுக்குத் தப்பான சேதி போயிடுச்சு, மன்னிக்கணும். மாசம் ஐம்பது பொன் வரி. எப்போ கட்டுறீங்க?"

மருதப்பர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி உள்ளேயிருந்து பண முடிப்போடு ஓடி வந்தாள். "இந்தாங்க, முதல் மாசத்துக்கு. தட்டை மாத்த விடுங்க!"

அந்த முடிப்பை ராஜாவின் முன்னால் வைத்தபோது வெண்காடருக்குப் போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

"நிஜமாகவே ஐந்நூறா எடுக்கிறான்?" என்று கேட்டார் ராஜா.

"இருநூறு இருக்கும், அரசே. மிச்சம் சம்பந்தியம்மாளுக்காகச் சொன்னது."

"அடடா, அப்படியென்றால் அதிகமாக வாங்கிவிட்டோமே. திருப்பிக் கொடுத்துவிடலாம்."

"நானும் மருதப்பரிடம் கேட்டுப் பார்த்தேன். 'ஐயோ, கல்யாணம் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க' என்று காலில் விழாத குறையாகக் கும்பிட்டார்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் கையிலிருந்த காப்பைக் கழற்றி வெண்காடருக்குப் போட்டார். தண்டல் மந்திரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "கல்யாணம் முடிந்ததும் பழையபடி 'சம்பளம் இல்லை' என்பாரே, அப்போது என்ன செய்வது?" என்றார்.

"கவலைப்படாதீர்கள்," என்றார் வெண்காடர், காப்பைத் தடவிக்கொண்டே. "அவருக்கு இன்னும் நாலு பெண்கள் இருக்கிறார்கள்."