தண்டவாளம் திரும்பிய இடம்

இதை எனக்கு முதலில் சொன்னது என் சின்ன மகள் பிளாரன்ஸ். இந்த வருஷம் சாம்பல் புதன் அன்று, பூசை முடிந்து, நெற்றிச் சாம்பலோடு பஸ்ஸுக்கு நின்றபோது சொன்னாள். அவளுக்கு ஒரு விமானப் பயிற்சிக் கழகத்து ஆபீஸில் வேலை. நான் ஏழாவது வரைக்கும் படித்தவள். விமானத்தைத் தரையில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

வைரவன் என்று ஒருவர். முப்பத்தாறு வருஷம் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று.

அவருக்கு விமானம் ஓட்டப் பழக வேண்டும். வேலைக்கு இல்லை, ஆசைக்கு.

அந்தக் கழகத்தில் கற்றுக்கொடுப்பவர் கேப்டன் ஷாமிலா. முப்பத்திரண்டு வயசுப் பெண்.

"கேப்டனம்மா, சின்ன லைசென்ஸா, பெரிய லைசென்ஸா? எதை எடுக்கட்டும்?"

"சின்னதுன்னா ரெண்டு பேர் உக்கார்ற குட்டி விமானம் சார். பகல்ல, வானம் தெளிவா இருக்கிறப்போ, இந்தப் பக்கத்துலயே பறக்கலாம். ஆறு மாசத்துல கைக்கு வந்துரும். பெரிசுன்னா நாலு பேர் போற விமானம். வெளியூருக்குப் போகலாம். ஆனா பரீட்சை அதிகம், பறக்க வேண்டிய மணி அதிகம். ரெண்டு வருஷம் ஆயிரும்."

"அதெல்லாம் நோட்டீஸ்லயே இருக்கும்மா. எது நல்லது?"

"எதுக்கு நல்லது?"

வைரவன் நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் வந்து பிளாரன்ஸிடம் விண்ணப்பம் வாங்கினார். சின்னதுக்கு நேரே டிக் போட்டார். பேருந்து நிலையம் வரைக்கும் போனவர் திரும்பி வந்து வாங்கிக் கிழித்தார்.

மறுபடி வந்தார். பெரிசுக்கு டிக் போட்டார். மேஜையை விட்டு நகராமலே கிழித்தார்.

இப்படி நாலு விண்ணப்பம்.

அவரோடு வேலை பார்த்த டிரைவர்களிடமும் கேட்டிருக்கிறார். ரயில்வேயில் முதலில் சரக்கு வண்டி கொடுப்பார்களாம். பிறகு பாசஞ்சர். வருஷக்கணக்காக ஓட்டி முடித்த பிறகுதான் மெயில் வண்டி. அவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையாகச் சொன்னார்கள்:

"ஏன்யா, மெயில் ஓட்டி இறங்கினவன் மறுபடி சரக்கு வண்டியில போய் ஏறுவானா? பெரிசா எடு."

ஒரு நாள் அவர் மனைவி ஆபீஸுக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, இந்த மனுஷன் விமானம் பாக்க மொட்டை மாடியே கதின்னு கிடக்காரு. ஒன்பது வயசுல புடிச்ச கிறுக்கு இது. பிள்ளைங்களைக் கரையேத்திட்டு இப்பத்தான் மூச்சு விடுறாரு. இதுலயும் யோசிச்சே வயசு போயிருமோன்னு பயமா இருக்கு. நீயே ஏதாவது ஒண்ணுல டிக் அடிச்சிரேன்."

"ஆன்ட்டி, அது அவர் கையால போடணும்."

பிளாரன்ஸ் இதைக் கேப்டனிடம் சொன்னாள்.

ஐந்தாவது விண்ணப்பம் வாங்க வைரவன் வந்தார். கேப்டன் அதை எடுத்து மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"வாங்க சார், ஏறுங்க."

"எதுல?"

"குட்டியில. பழகிப் பாக்க ஒரு தடவை எல்லாரையும் கூட்டிட்டுப் போவோம்."

மேலே ஏறும் வரைக்கும் கேப்டன் ஓட்டினார். உயரம் வந்து விமானம் அமைதியானதும், "பிடிங்க. எங்க வேணாலும் போங்க," என்றார்.

வைரவன் பிடித்துக்கொண்டார். கீழே எட்டுத் திசைக்கும் கரிசல் காடு. அதன் நடுவே நேர்கோடாக ரயில் பாதை.

அவர் ரயில் பாதைக்கு மேலேயே போனார்.

"பச்சை!" என்றார் திடீரென்று, விரலை நீட்டி.

கேப்டன் திரும்பிப் பார்த்தார்.

"சிக்னலும்மா. ஒருத்தர் சொன்னா பக்கத்துல இருக்கவங்க திருப்பிச் சொல்லணும். அதான் முறை."

"பச்சை," என்றார் கேப்டன்.

வைரவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. லெவல் கிராசிங் வந்தது. கை தானாக ஹாரனைத் தேடியது.

"ஹாரன் இல்ல சார்."

"தெரியும், தெரியும்."

பிறகு ஓடைப் பாலம் வந்தது. பாலம் தாண்டி, தண்டவாளம் இடது பக்கமாக வளைந்தது.

விமானம் நேராகப் போனது.

வைரவன் காத்திருந்தார். பாதை விலகிக்கொண்டே போனது.

"கேப்டனம்மா! லைன் திரும்பிருச்சு!"

"ஆமா சார்."

"நாம திரும்பலியே!"

"ஆமா."

"யாரு திருப்புறது?"

கேப்டன் தன் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வைரவன் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

பாதை போன பக்கம் திருப்பவில்லை அவர். வலது பக்கம் சாய்த்தார். ரொம்ப மெதுவாக, தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்கிற மாதிரி.

பூமி சாய்ந்தது. ஒரு கண்மாய் ஜன்னலுக்குள் எழும்பி வந்தது. நடுவில் ஒரே ஒரு கருவேல மரம், அது நிறையக் கொக்கு.

அவர் சுற்றினார். இன்னொரு சுற்றும் சுற்றினார்.

"எஞ்சின்ல ஸ்டியரிங் கிடையாதும்மா," என்றார். "வேகம் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். லைன் எங்க போகுதோ அங்க வண்டி போகும். முப்பத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட நான் எதையும் திருப்பினதில்ல."

கேப்டன் மடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அப்புறம் விமானத்தைக் கேப்டனே இறக்கினார். வைரவன் தலைமுடியைக்கூடச் சரிசெய்யாமல் நேரே பிளாரன்ஸின் மேஜைக்கு வந்தார். கவிழ்ந்து கிடந்த விண்ணப்பத்தைப் புரட்டினார். பேனாவைத் திறந்தார்.

"கேப்டனம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"எந்த லைசென்ஸ்ல நான் நெனச்ச பக்கம் திருப்பலாம்?"

"ரெண்டுலயும்."

"அப்போ சீக்கிரம் வர்றது எதும்மா?"

கேட்டுக்கொண்டிருக்கும்போதே டிக் போட்டுவிட்டார்.

கதை இவ்வளவுதான். வருகிற வியாழக்கிழமை அவருக்கு முதல் பாடம். உங்கள் ஜெபத்தில் அவரையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மழை வேண்டாம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கீழே வெள்ளாமைக்காரர்கள் இருக்கிறார்கள். அன்று காலையில் ஒரு மணி நேரம் காற்று அடங்கி இருக்கட்டும் என்று கேளுங்கள், போதும்.