எந்தக் கால்?

காசிமேட்டுப் பக்கம் ஒரு மைதானம். மண்தான், புல் கிடையாது. கோல் கம்பத்தில் பழைய மீன்வலை. அங்கே பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தவர் டாரத்தி டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்து விசிலைக் கழற்றவில்லை. அவரிடம் ஆடி வளர்ந்த செங்கொடிதான் இப்போது கோச்.

அந்த வாரம் முழுக்கச் செங்கொடி ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள்.

"டீச்சர், ரிஸ்வானாவை எந்த லீக்குக்கு அனுப்ப?"

"ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கில்ல? மேட்சைப் பாரு."

"அதுக்கும் இதுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?"

டீச்சர் பந்துகளைப் பொறுக்கப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். பெண் பிள்ளைகளுக்கென்று உசத்தியான லீக் ஒன்று இருந்தது. போதாதென்று இன்னொன்று முளைத்தது. ஒன்றில் பெயர் கொடுத்தவள் மற்றதில் கால் வைக்கக் கூடாது. இரண்டு லீக்காரர்களுமே, மாநில அணிக்குப் போகிற வழி எங்களுடையதுதான் என்றார்கள். இரண்டு பேருக்கும் ரிஸ்வானா வேண்டும். வயசு பதினாலு. அப்படி ஓடுவாள்.

ரிஸ்வானாவின் அம்மா டெய்லர். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க வந்து நின்றார். "எனக்கு இன்னா தெரியும் செங்கொடி? நீ கை காட்டு. நான் அனுப்புறேன்."

செங்கொடிக்கு அதுதான் பயம். முன்பு அவள் கை காட்டி அனுப்பிய பிள்ளை ஒருத்தி, சீசன் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாள். எதிர் லீக் எடுத்துவிடக் கூடாதே என்று பிடித்து வைத்திருந்தார்களாம். அவள் இப்போது பந்தைத் தொடுவதே இல்லை.

ரிஸ்வானாவிடம் குறை ஒன்றே ஒன்று. பந்து இடது பக்கம் வந்தாலும் சுற்றி வந்து வலது காலால்தான் அடிப்பாள். செங்கொடி அவள் இடது கணுக்காலில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டாள். மழை விட்டதிலிருந்து தினமும் அந்தக் காலால் பந்தை ஐஸ் பேக்டரி சுவரில் அடிக்கச் சொன்னாள். "அந்தக் கால் எதுக்குடி இருக்கு? சும்மா நிக்கவா?" என்று கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். மேட்ச் என்று வந்தால் மறுபடி வலது கால்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேட்ச் தொடங்கும்போதே நீல டீ ஷர்ட்டில் ஒருவர் வந்தார். பின்னாலேயே பச்சை டீ ஷர்ட்டில் ஒருவர். ஆளுக்கொரு லீக். இரண்டு லீக்குக்கும் பெயர் கொடுக்க அன்று சாயங்காலம்தான் கடைசி.

"மேடம், இதைப் பாருங்க." நீலம் டேப்லெட்டை நீட்டினார். திரையில் படிக்கட்டு மாதிரி ஒரு படம். மேல் படியில் கொடி பிடித்த ஒரு பெண்.

"எங்களோடதையும் பாருங்க." பச்சையிடமும் படிக்கட்டு. அதன் மேல் படியிலும் ஒரு பெண்.

செங்கொடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டுலயும் ஒரே பொண்ணுதானே சார்?"

"அவ எங்க பொண்ணு" என்றார் நீலம்.

"யோவ், அவ உங்ககிட்ட ஆடுனதே நாலு மேட்ச்சு. வளத்தது நாங்க."

"நாங்க வளத்ததை நீங்க தூக்கிட்டுப் போனீங்க!"

"செங்கொடி" என்றார் டீச்சர், கோட்டோரத்தில் நின்று மேட்சை நடத்தியபடி, திரும்பாமலே. "மேட்சைப் பாரு."

"பாக்கறேன் டீச்சர்."

பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பாள்? இந்தக் காதில் நீலம், அந்தக் காதில் பச்சை. எந்த லீக்கிலிருந்து எத்தனை பேர் மாநில அணி கேம்ப்புக்குப் போனார்கள், யாருடைய கோச் வெளிநாட்டில் படித்தவர் என்று போய்க்கொண்டே இருந்தது. "நீங்களே நியாயம் சொல்லுங்க மேடம்" என்று இருவரும் அவளையே பிடித்துக்கொண்டார்கள்.

"மேட்சைப் பாருடின்னேன்."

"டீச்சர், ஒரு நிமிஷம்! இவ வாழ்க்கைதானே இங்க பேசிக்கிட்டிருக்கோம்!"

அப்போதுதான் மைதானமே கத்தியது. மூன்று பேரும் திரும்பினார்கள். பந்து மீன்வலைக்குள் கிடந்தது. ரிஸ்வானாவின் மேல் பிள்ளைகள் குவிந்து கிடந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் கடைசி விசில் ஊதினார். நேராக இவர்களிடம் வந்தார்.

"தம்பி, கோல் பாத்தீங்களா?"

"பிரமாதம் டீச்சர்" என்றார் நீலம்.

"எந்தக் கால்?"

நீலம் டேப்லெட்டை ஒரு பார்வை பார்த்தார். "வலது கால் பிளேயர்தானே? வலதுதான்."

"நீங்க?"

பச்சை தலையைச் சொறிந்தார். "தலையால தட்டுனா மாதிரி இருந்துச்சு..."

"சரி, கெளம்புங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையும் மேட்ச் இருக்கு. வந்து வாயை மூடிக்கிட்டு நின்னு பாருங்க. அப்புறம் பேசலாம்."

"இன்னிக்கோட முடியுது டீச்சர்!"

"முடியறது உங்களுக்கு. அவளுக்கு வயசு பதினாலுதான்."

இரண்டு வண்டிகளும் கிளம்பின. ஒன்றை ஒன்று முந்திக்கொண்டுதான் போயின.

செங்கொடிக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க? ரெண்டு பக்கமும் கதவைச் சாத்திட்டாங்கன்னா? அவங்க அம்மா என்னை நம்பிக்கிட்டிருக்காங்க. ஒரு வாரமா கேக்கறேன், ஒரு பதில் சொல்லல. மேட்சைப் பாரு, மேட்சைப் பாருன்னா? நான் யாருக்காக இவங்ககிட்ட மல்லுக்கட்டினேன்? அவளுக்காகத்தானே?"

"ஆமா, அவளுக்காகத்தான்" என்றார் டீச்சர். "எந்தக் கால்?"

செங்கொடி மைதானத்துப் பக்கம் திரும்பினாள்.

மைதானத்தின் நடுவிலிருந்து ரிஸ்வானா ஓடிவந்தாள். முகமெல்லாம் மண். கணுக்காலில் பாதி அவிழ்ந்த சிவப்பு ரிப்பன் பின்னாலேயே இழுபட்டது.

"அக்கா! எடது காலுக்கா! சுத்திக்கூட வரலக்கா, அப்படியே அடிச்சேன்! பாத்தல்ல? நீ பாத்தல்லக்கா?"

செங்கொடி டீச்சரைப் பார்த்தாள்.

"என்னை ஏன்டி பாக்குற?" என்றார் டீச்சர். "கேக்கறது அவ."