எந்தத் தேதி போடட்டும்?

கெமிக்கல் இன்ஜினியரிங் லேபில் ஒரு பம்பு இருந்தது. ஓடி ஒன்பது வருஷமாகிறது. அதைத் தினமும் துடைப்பது லேப் உதவியாளர் எஸ்தரின் வேலை. பழுது பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்து அவளுக்குக் கை சலித்துப்போனது. மாணவர்கள் சீனியர் நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதுவார்கள். துறைத்தலைவர் தணிகைவேல் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்.

ஒருநாள் ஆய்வுக்குழு வந்தது. "பம்பை ஓட்டிக் காட்டுங்க" என்றார் குழுத்தலைவி.

தணிகைவேல் எஸ்தரிடம் பாய்ந்தார். "நல்லா ஓடின பம்பை நீதானே கெடுத்தே? கெடுத்தேன்னு எழுதிக் குடு. இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

சண்டை போட எஸ்தருக்குத் தெம்பில்லை. பேனாவை எடுத்தாள்.

"எழுதிடறேன் சார். கெடுத்தது எந்தத் தேதின்னு போடட்டும்?"

"போன வாரம்னு போடு."

"நேத்து ரீடிங்ல உங்க கையெழுத்து இருக்கே, சார்."

"அப்போ இன்னைக்குன்னு போடு!"

"குழு வருதுன்னு அடுத்த வாரத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுட்டீங்களே, சார். அதுவரைக்கும் இந்தப் பம்பு கெடவே முடியாது."

குழுத்தலைவி நோட்டுகளைப் புரட்டினார். பிறகு மாணவர்களைக் கூப்பிட்டுப் பம்பைக் கழற்றச் சொன்னார். உள்ளே முழுக்கக் குளவிக்கூடு. முதல்முறையாக ஸ்பேனர் பிடித்த ஒரு பெண், நோட்டில் எழுதினாள்: 'வந்த தண்ணீர், பூஜ்யம்.'

அதன் கீழேயும் தணிகைவேல் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குத்தான் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டார்.