உருண்டையா, வளைவா?

ஒரு ஊர்ல ஒரு ஆராய்ச்சிக்கூடம் இருந்துதாம். அங்க அருள்மேரின்னு ஒரு மேடம், அவங்ககிட்ட ஆராய்ச்சி படிக்கிற பூங்கோதைன்னு ஒரு பொண்ணு. "ம்" கொட்டணும், சரியா?

ம்.

நம்ம உடம்பெல்லாம் குட்டிக் குட்டி செல்லு. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சரக்கு சர்ரு சர்ருன்னு போகும், வரும். வேண்டாததை ஒரு பைக்குள்ள தள்ளிக் கரைச்சுடும். ஆனா திரும்ப உதவுற சாமானும் அதோட சேர்ந்து போயிடுமில்ல? அதைப் பொறுக்கியெடுத்துத் திருப்பி அனுப்ப மூணு புரோட்டீன் ஒண்ணா சேர்ந்து நிக்கும்.

அதுக்குக் கண்ணு இருக்குமா சித்தி?

கண்ணும் இல்ல, கையும் இல்ல. பொருந்துனா ஒட்டிக்கும், அவ்வளவுதான். ஆனா எப்படிச் சேர்ந்து நிக்குதுன்னு அப்போ யாரும் பார்த்ததில்ல. அருள்மேரி மேடம்தான் யோசிச்சு யோசிச்சு, மூணும் உருண்டையா ஒட்டிக்கிட்டு இருக்கும்னு ஒரு படம் வரைஞ்சாங்க. அந்தப் படத்தாலதான் அவங்களுக்குப் பெரிய பேரு. வருஷா வருஷம் வகுப்புல அதையே வரைவாங்க.

அப்புறம் புதுசா ஒரு மைக்ராஸ்கோப் வந்துது. புரோட்டீனை ஒரு சொட்டுத் தண்ணியில எடுத்து, பயங்கரமா குளிர்ற திரவத்துல சளக்குன்னு முக்குனா, அப்படியே ஒறைஞ்சு நிக்கும். அப்போ நிறைய மங்கல் படமா எடுத்து, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணா சேர்த்தா உருவம் தெரியும். பூங்கோதை எடுத்தா. பார்த்தா, உருண்டையே இல்ல! பாலத்துக்கு அடியில வளைவு இருக்குமே, அந்த மாதிரி.

மேடம்கிட்ட ஓடுனா. "அழுக்கு கலந்திருக்கும்மா. திரும்பச் சுத்தம் பண்ணு"ன்னாங்க.

சுத்தம் பண்ணா. மறுபடி சளக். மறுபடி வளைவுதான். "கம்ப்யூட்டர் தப்பா சேர்த்திருக்கும்"னாங்க மேடம். குரல் ஏறிடுச்சு. பூங்கோதைக்குச் சோறு இறங்கல. மேடத்தைப் பொய்யாக்கிட்டு அங்க இருக்க முடியுமா? படத்தை அழிச்சுட்டு, உருண்டைன்னே எழுதிடலாமான்னுகூடத் தோணுச்சாம். தூங்கிட்டியா?

ம்... இல்ல. அழிச்சாளா?

அழிக்கல. "மேடம், இந்தத் தடவை நீங்களே செய்யுங்க. நான் தொடவே மாட்டேன்"னா.

மேடம் கோபமா கையுறையை மாட்டுனாங்க. அவங்களே சுத்தம் பண்ணாங்க, அவங்களே முக்குனாங்க, சளக். மெஷினு கிர்ர்ர்னு ஓடுச்சு. அப்புறம் கம்ப்யூட்டர்ல படம் மங்கலா வந்து, மெல்ல மெல்லத் தெளிஞ்சுது.

வளைவு.

மேடம் பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. நம்ம படிப்பு போச்சுன்னு நெனச்சா பூங்கோதை.

மறுநாள் வகுப்பு. மேடம் வந்து, எப்பவும் போல போர்டுல உருண்டையை வரைஞ்சாங்க. பூங்கோதைக்குத் திக்குன்னுச்சு. அப்புறம் மேடம் டஸ்டரை எடுத்துப் பரக்கு பரக்குன்னு அதை அழிச்சாங்க. "இத்தனை வருஷம் நான் சொல்லிக்குடுத்தது தப்பு. சரியானதை இந்தப் பொண்ணு வரைவா"ன்னு சாக்பீஸை நீட்டுனாங்க.

பூங்கோதை வரைஞ்சா. மொதக் கோடே கோணிக்கிச்சு. திரும்பிப் பார்த்தா, மேடம் கடைசி பெஞ்சுல உக்காந்து, பக்கத்துல இருந்தவங்ககிட்ட ஒரு தாள் வாங்கி, அந்த வளைவைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

அவங்க வரைஞ்சாச்சு, நான் சொல்லியாச்சு. நீ கண்ணை மூடு.