கோலில் நின்றவன்

மூன்று பேர் மூன்று விதமாகத் தீர்ப்புச் சொன்ன வழக்கு இது. எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை, போகவும் முடியாது. தூக்கம் வராதவர்கள் படுத்தபடியே யோசிக்கலாம்.

மலைமேல் ஒரு கல்லூரி, சுற்றிலும் தேயிலை. எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து கால்பந்து ஆடத் தெரிந்த பையன்களைப் பிடித்து வந்து விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ப்பார்கள். ஆட்ட நாளில் அவர்களுக்கு ஓ.டி. அதாவது, ஆள் கல்லூரி வேலையாகப் போயிருக்கிறான், வகுப்பில் இருப்பதாகவே கணக்கு. பெயரைக் கூப்பிட்டால் வகுப்பே சேர்ந்து "ஓ.டி. சார்!" என்று கத்தும். கடைசி பெஞ்சு காலியாகக் கிடக்கும். மூன்று வருடம் இப்படியே ஓடிவிடும். பதினோரு பேர் சேர்ந்தால் பட்டம் வாங்குவது இரண்டு பேரோ மூன்று பேரோ. மற்றவர்கள் அரியர்களோடு லைனுக்குத் திரும்பித் தேயிலை மூட்டை தூக்குவார்கள்.

சென்ற வருடத்துக் கோல்கீப்பர் ஹாலனுக்கு அதற்கும் கொடுத்து வைக்கவில்லை. கையுறை போடாமல் வெறுங்கையால் பந்து பிடிக்கிறவன். எதிராளி உதைக்குமுன் இடது குதிகாலால் கம்பத்தை இரண்டு தட்டுத் தட்டுவான். அடுத்த ஊரில் இறுதி ஆட்டம், ஓ.டி.யில் போனான். மதியம் இங்கே தேர்வு. ஆட்டம் பெனால்டிவரை இழுத்தது. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தேயிலைக்குள் குறுக்கே ஓடி ரோட்டில் ஏறியவன், மூடுபனியில் வந்த லாரியைப் பார்க்கவில்லை.

இந்த வருடம் புதிதாக வந்த முதல்வர் கோமளவல்லி, எல்லோர் முன்னாலும் உடற்பயிற்சி ஆசிரியர் தங்கையாவிடம் சொன்னார்:

"பையன்களைப் பிழிஞ்சிட்டு சக்கையா வெளிய அனுப்பறோம், தங்கையா. இந்தத் தடவை இறுதி ஆட்டத்துல நிக்கிற ஒவ்வொருத்தனும் பட்டத்தோடதான் இந்தக் கேட்டைத் தாண்டணும். ஒருத்தன் பட்டமில்லாம தாண்டினாலும் அடுத்த வருஷம் அணியே கிடையாது."

புதுக் கோல்கீப்பர் யோகராசாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மற்றப் பத்துப் பேரும் எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டார்கள். அவனுக்குப் புள்ளியியல் பாக்கி. அந்தத் தேர்வும் இறுதி ஆட்டமும் ஒரே நாள், ஒரே நேரம். கோலில் நின்றால் கோப்பை உண்டு, அணி இருக்காது. நிற்காவிட்டால் அணி உண்டு, கோப்பை கிடைக்காது. வேறு கோல்கீப்பரும் இல்லை.

ஆட்டம் இந்தமுறை கல்லூரி மைதானத்திலேயே. தேர்வுக்கூடத்துக்குச் சற்றுக் கீழே. விசில் ஊதும் நேரத்தில் பனி இறங்கிவிட்டது. நடுக்கோட்டிலிருந்து பார்த்தால் கோல் கம்பம் தெரியவில்லை.

"போடா, பரீட்சைக்குப் போ. பத்துப் பேரோட ஆடிக்கிறோம்" என்றார் தங்கையா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

"கோல்ல யாரு மாஸ்டர்?"

"யாருமில்ல. போ."

கையுறையைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினான். வினாத்தாளை நீட்டியது முதல்வரேதான். பாதித் தேர்வில் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. டொக், டொக். இரும்புக் கம்பத்தில் குதிகால் பட்டால் வருகிற சத்தம். யோகராசாவின் பேனா நின்றது. அந்தத் தட்டலைச் சென்ற வருடம் முழுக்க, மாற்றுக் கோல்கீப்பராகப் பக்கத்தில் நின்று கேட்டவன் அவன். குனிந்து மறுபடி எழுதத் தொடங்கினான்.

முடித்துவிட்டு இறங்கியபோது அணிப் பையன்கள் கோப்பையோடு வந்து மேலே விழுந்தார்கள்.

"யோகு! என்னா டைவ்டா அது!"

"கையுறை இல்லாம எப்படிடா புடிச்சே, பைத்தியக்காரா?"

"கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்கிறே. பெரிய ஸ்டாரு!"

அவன் பையைத் திறந்து பார்த்தான். கையுறை காய்ந்தபடியே கிடந்தது. கூட்டத்துக்கு வெளியே தங்கையா மட்டும் ஆளில்லாத கோலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தேர்வு முடிவு வந்தது. யோகராசாவும் தேறினான், பதினொன்றுக்குப் பதினொன்று. இனிப்பு கொடுக்கப் போனவர்களில் யோகராசாவையும் தங்கையாவையும் மட்டும் முதல்வர் நிறுத்திவைத்துக் கதவைச் சாத்தினார்.

"நீ என் கண் முன்னால உக்காந்து எழுதினே. அப்போ கீழ பந்து புடிச்சது யாரு?"

தங்கையா சொன்னார்: "ஹாலன், மேடம். நான் பார்த்தேன்."

ஜன்னலில் பனி அப்பிக் கிடந்தது.

"அப்படின்னா இறுதி ஆட்டத்துல நின்ன ஒருத்தனுக்குப் பட்டம் இல்ல" என்றார் முதல்வர். "செத்தவன்னு அவனைக் கழிச்சிட்டா, அவனைக் கொன்ன வழக்கத்தையும் நாமளே மூடி மறைச்ச மாதிரி. சொன்னது சொன்னதுதான். அணியைக் கலைச்சிடுங்க."

"உசிரோட இருக்கிறவங்களுக்குத்தானே மேடம் கணக்கு? பதினோரு பையங்க, பதினோரு பட்டம். அணி இருக்கணும்" என்றார் தங்கையா.

யோகராசா தரையைப் பார்த்தபடி சொன்னான்: "ரெண்டும் இல்ல மேடம். ஹாலன் அண்ணனைத் தோத்தவர்னும் சொல்ல முடியாது, இல்லாதவர்னும் சொல்ல முடியாது. நீங்க இப்போ அணியைக் கலைக்கவும் முடியாது."

மூவரில் யார் சொன்னது சரி? ஏன்?

விடை: யோகராசா சொன்னதே சரி. அன்று கோலில் நின்றவனைக் கழித்துவிடத் தங்கையாவுக்கு உரிமையில்லை. கோப்பையே அவன் கையால் வந்தது. ஆனால் பட்டமில்லாமல் கேட்டைத் தாண்டினால்தான் அணி கலையும் என்பது முதல்வரின் சொல். ஹாலன் தாண்டியது ஓ.டி.யில். ஓ.டி.யில் போனவன் உள்ளே இருப்பவன். அது கல்லூரியே வைத்த கணக்கு. திரும்பி வந்தான் என்று யாரும் அதை முடித்து வைக்கவில்லை. அவன் படிப்பு இன்னும் முடியவில்லை, ஆகவே முதல்வரின் நிபந்தனையும் இன்னும் மீறப்படவில்லை. முதல்வர் இதை ஒப்புக்கொண்டார். ஒன்று மட்டும் செய்தார். அடுத்த வருடம் முதல் நாள் வகுப்புக்கு அவரே போய், பதிவேட்டில் உள்ள பெயர்களை எல்லாம் படித்துவிட்டு, கடைசியில் அதில் இல்லாத ஒரு பெயரையும் கூப்பிட்டார். புதுப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்தப் பெயரும் தெரியாது, ஓ.டி. என்று கத்தும் வழக்கமும் தெரியாது. காலியாகக் கிடந்த கடைசி பெஞ்சின் காலில் மட்டும் யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள்.