நனைந்த ரொட்டி பேசாமல் போனது

அந்தக் காலத்தில் ரொட்டி பேசும். எப்படிப் பேசும் என்று கேட்டால் கதை நகராது. பேசும், அவ்வளவுதான்.

ஆனால் உலர்ந்திருக்கும் வரைதான் பேச்சு. ஈரம் பட்டால் போயிற்று. அதனால் புதுச்சேரியில் அன்று யாரும் ரொட்டியை எதிலும் நனைக்க மாட்டார்கள். காபியில்கூட. தின்றால் மட்டும் பேச்சு போகாதா என்பீர்கள். தின்பதற்குத்தான் சுடுகிறார்கள், அது ரொட்டிக்கே தெரியும். வாய்க்குள் போகிற வரை பேசிக்கொண்டே போகும். ஊமையாகப் போவதுதான் அதற்குப் பயம்.

அந்த ஊரில் ஞானு என்று ஒரு சொல்தா. பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கடல் கடந்து போய்ச் சண்டை போட்டவர். தாடையில் குண்டுத்துண்டு பாய்ந்து, பல் போய், ஊர் திரும்பினார். மெல்ல முடியாது. மனைவி மதலேன் கஞ்சி வைத்தாள். குடித்தார். மறுபடியும் கஞ்சி. ஒரு நாள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

"ரொட்டி கொடு."

"மெல்ல வராதேங்க."

"அப்படியென்றால் ஒன்றும் வேண்டாம்."

சொன்னால் சொன்னதுதான். கன்னம் ஒட்டியது. கண் உள்ளே போயிற்று. இப்படியே விட்டால் சவப்பெட்டிக்கு அளவெடுக்க வேண்டியதுதான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மதலேன் இன்னாசியின் ரொட்டிக்கடைக்குப் போனாள்.

"இருப்பதிலேயே மெத்தென்று இருப்பது எது?"

பலகையில் இருந்த பன் முந்திக்கொண்டது. "நான்தான் அம்மா. என்னை எடுத்துப் போ."

பக்கத்தில் நீள ரொட்டி கிடந்தது. முரட்டுத் தோல். அது வாயைத் திறக்கவில்லை.

பல் போன வாய்க்கு மெத்தென்ற ரொட்டி. யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள். பிழையும் அங்கேதான்.

பன் வறட்சியாகத் தொண்டையில் ஒட்டியது. ஞானு இருமி இருமித் துப்பினார். அடுப்பில் மிளகு போட்டு மாட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. மதலேன் அந்தச் சாற்றைப் பார்த்தாள். மீதிப் பன்னைப் பார்த்தாள்.

"போடு அம்மா" என்றது பன்.

போட்டாள். கரைந்து கூழாகிவிட்டது.

ஞானு எட்டிப் பார்த்தார். "இதுவும் கஞ்சிதான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

பன் வீணாகப் போயிற்று. மதலேன் கடைக்கு ஓடி நடந்ததைச் சொன்னாள். இன்னாசிக்கு முகம் கறுத்தது.

"நனைத்தீர்களா? என் கண்ணில் படாதீர்கள் அக்கா."

"அவர் போய்விடுவார், இன்னாசி."

நீள ரொட்டி அப்போதுதான் பேசியது. "என்னை நனை."

"உன்னைக் கடித்தால் எனக்கே தாடை வலிக்கும்" என்றார் இன்னாசி. "நோயாளிக்கு நீயா?"

"சாறு உள்ளே இறங்கும். தோல் விட்டுக்கொடுக்காது. மனுஷன் கையில் எடுத்துச் சாப்பிடலாம்."

"பேச்சு போய்விடுமே" என்றாள் மதலேன்.

"தெரியும். வீடு வரைக்கும் பேசிக்கொண்டு வருகிறேன். கேட்டுக்கொண்டு நட."

நடந்தாள். கோதுமையாக நின்ற வயலைப் பற்றிச் சொன்னது. கப்பலில் வந்ததைச் சொன்னது. மாவு பொங்கும்போது கூச்சமாக இருக்கும் என்றது. வாசல் வந்ததும் நிறுத்திக்கொண்டது.

நடுவில் கீறினாள். கறியை இழை இழையாகப் பிய்த்து வைத்து மூடினாள். சாற்றுக்கு மேலே கை நின்றது.

"சொல்ல ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை. சாறு ஆறுவதற்குள் போடு."

முக்கினாள். தோல் இளகியது, உடையவில்லை. ஞானு அதைத் தன் கையாலேயே வாங்கினார். ஈறால் அழுத்தினார். இறங்கியது. முழுவதையும் தின்றுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"ஓ ஜூ" என்றார்.

பின்னாலேயே வந்து வாசலில் நின்ற இன்னாசி, "அது என்ன பாஷை?" என்றார்.

"சாற்றோடு என்று அர்த்தம். படையில் கறியை இந்தப் பெயர் சொல்லித்தான் கேட்போம்."

"சாற்று ரொட்டி என்றே சொல்லிவிட்டுப் போங்களேன்."

"என்னோடு உட்கார்ந்து தின்றவன் ஒருத்தனும் திரும்பி வரவில்லை. அவர்கள் வாயில் இருந்த பெயர். இருக்கட்டும்."

இன்னாசி கடைக்குத் திரும்பி மற்ற ரொட்டிகளிடம் சொன்னார். "அதற்கு இல்லாத பேச்சு எங்களுக்கும் வேண்டாம்" என்றன அவை. ரொட்டி பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஞானு பிழைத்தார். கிழவராகித்தான் செத்தார்.

அன்று பிடித்துத்தான் சாற்றில் நனைக்க முரட்டுத்தோல் ரொட்டியைத் தேடுகிறோம். பிரெஞ்சில் வேறு ஒரு சொல் தெரியாதவனும் அதை ஓ ஜூ என்கிறான். முக்குவதற்கு முன் ஒரு கணம் எல்லோருக்கும் கை நிற்கிறது. கேட்டால் சூடு என்பார்கள். சூடு இல்லை.