ஓட்டையில்லாத தார்ப்பாய்

ஏரியின் நடுவே ஒரு திட்டு இருந்தது. பனி இறங்கும் நாட்களில் அது தண்ணீரில் நிற்கிறதா, வானத்தில் நிற்கிறதா என்று கரையிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அங்கே மங்கையர்க்கரசி என்ற துறவி சிறிய மடம் ஒன்றை நடத்திவந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மா.

அவரிடம் தம் அறுபத்திரண்டாவது வயதில் சீடராக வந்து சேர்ந்தார் திருமேனி. ஓட்டுச் சூளை வைத்திருந்தவர். அவருடைய ஒரே மகன் காய்ச்சலில் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. மகனை அடக்கம் செய்த அன்றும் திருமேனி கண் கலங்கவில்லை என்று ஊரில் வியந்து பேசினார்கள். திட்டுக்கு வந்தபோது அவர் கொண்டுவந்தது ஒரு மரப்படகு மட்டும். மகன் தன் கையால் செய்தது.

ஐப்பசி பிறந்தது. திருமேனி படகைத் திட்டின் மேல் இழுத்துப் போட்டார்.

"அம்மா, மழை முடியும்வரை இதை மூடி வைக்க வேண்டும். எதைப் போடலாம்?"

மடத்தில் பனையோலைப் பாய் இருந்தது. புதிதாக ஒரு நீலத் தார்ப்பாயும் இருந்தது.

"எதிலிருந்து காக்க வேண்டும், ஐயா?"

"மழையிலிருந்து. ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது."

"அப்படியானால் தார்ப்பாய்தான்."

கரையேற்றிய அன்றே திருமேனி படகைச் சுற்றிக் கட்டினார். விரல் நுழைய இடம் வைக்கவில்லை.

மழை தொடங்கியது. ஏரி மெல்ல மெல்லப் படியேறி வந்தது. பகல் முழுவதும் ஒரே சாம்பல் வெளிச்சம். நாரைகள் எங்கிருந்தோ வந்து, எங்கோ கரைந்து போயின. நாட்களுக்குப் பெயர் மறந்துபோயிற்று. தியானத்தில் உட்கார்ந்தாலும் திருமேனியின் காதில் தார்ப்பாயின் மேல் விழும் மழைதான் கேட்டது. தினமும் குடை பிடித்துக்கொண்டு போய் முடிச்சுகளை இறுக்கிவிட்டு வருவார்.

ஒருநாள் அம்மா சொன்னார்: "ஒரு பக்கம் கொஞ்சம் தளர்த்தி விடலாமே."

"சாரல் புகுந்துவிடும், அம்மா."



தை மாதம், வானம் கழுவிவிட்டதுபோல் இருந்த ஒரு காலையில், திருமேனி கயிறுகளை அவிழ்த்தார். தார்ப்பாயை விலக்கியதும் குப்பென்று வாடை அடித்தது. பலகையெங்கும் வெள்ளைப் பூஞ்சணம். உட்காரும் பலகையின் அடியில் முத்து முத்தாக நீர். அவர் விரலால் அமுக்கினார். மரம் ஊறிய ரொட்டிபோல் உள்வாங்கியது.

தார்ப்பாயைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஊசிமுனை அளவு ஓட்டைகூட இல்லை.

அம்மா பின்னால் வந்து நின்றார்.

"ஒரு சொட்டும் உள்ளே போகவில்லையே! இந்த ஈரம் எங்கிருந்து வந்தது?" திருமேனி கேட்டார்.

"கட்டும்போதே உள்ளே இருந்தது, ஐயா."

திருமேனி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்து, "கதிரேசா" என்றார். மகனின் பெயரை அன்றுதான் அந்தத் திட்டு கேட்டது. உச்சிவேளைவரை அழுதார். இடையிடையே ஏதேதோ சொன்னார். இந்தப் பலகையை இழைக்கும்போது அவன் கையில் சிராய் ஏறியது, எண்ணெய் பூசிய அன்று இருவரும் சண்டை போட்டது, கடைசி வாரம் கஞ்சி கேட்டது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

மாலையில் இருவருமாகப் பூஞ்சணத்தைச் சுரண்டினார்கள். உட்காரும் பலகை ஒன்றுதான் போயிருந்தது. மற்ற மரம் தேறியது.

அம்மா மூங்கிலை வளைத்துப் படகின் குறுக்கே ஊன்றினார். அதன்மேல் பனையோலைப் பாயைக் கூரைபோல் போட்டார். முன்பக்கமும் பின்பக்கமும் திறந்தே இருந்தன. ஏரிக்காற்று ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறியது.

திருமேனி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அம்மா, அடுத்த மழைக்குச் சாரல் அடிக்குமே?"

"அடிக்கும்."

"படகு நனையுமே?"

"நனையும், ஐயா. காயும்."